திண்ணை போன தெருவில் நம் பெரியவர்கள்

அன்புள்ள நம்மூர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கை ஒட்டி மூன்று வாரம் ஊரில் தங்கியிருந்தேன். சங்கத்தின் இவ்வாண்டு நிதியை முதியோருக்காகச் செலவிடுவதென்று முடிவெடுத்திருக்கிறோம். மருத்துவ முகாம், சத்துமாவு, சக்கர நாற்காலி என்று வந்த யோசனைகள் எல்லாம் வேண்டியவையே. ஆயினும் நான் நேரில் கண்ட குறை வேறு.

ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியபோது நாம் திண்ணையை எடுத்துவிட்டுச் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வைத்தோம். என் வீட்டிலும் அதைத்தான் செய்தேன். இப்போது மாலை ஐந்து மணிக்கு மேலத்தெருவில் நடந்தால், கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா தனியே உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டில் சித்தியும் அப்படியே. முழங்கால் வலியோடு படியிறங்கி, தாழ்ப்பாளைத் திறந்து, தெருவைத் தாண்டிப் போய், "சும்மா பேசலாம்னு வந்தேன்" என்று சொல்ல இருவருக்குமே கூச்சமாக இருக்கிறது. திண்ணை இருந்தபோது யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. கண்ணில் பட்டார்கள், பேசினார்கள்.

வயலில் உழைத்த பெண்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் குறுவைக்கும் சம்பாவுக்கும் கூட்டமாக வயலில் இறங்குவது குறைந்துபோயிற்று. வயதான பெண்கள் நூறு நாள் வேலைக்கு விரும்பிப் போனதற்குக் கூலி பாதிக் காரணம்தான். வாய்க்கால் கரையில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பது மறுபாதி.

இதை மனக்குறை என்று மட்டும் ஒதுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, தனிமையால் ஆண்டுக்கு 8,71,000 பேர் இறப்பதாகக் கணக்கிடுகிறது. முதியோரில் மூவரில் ஒருவர் வரை சமூகத் தொடர்பு அற்று வாழக்கூடும் என்றும் சொல்கிறது. இதயநோய், பக்கவாதம், சர்க்கரை நோய், நினைவாற்றல் குறைவு ஆகியவற்றுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருப்பதாக அது கூறுகிறது.

வடக்குத் தெருப் பெரியப்பாவுக்கு 81 வயது. வயல்களுக்கு முறைவைத்து வாய்க்கால் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர் என்பதால், இன்றும் ஜூன் மாதம் பிறந்தால் மேட்டூர் திறந்தாயிற்றா, கல்லணை தாண்டிற்றா என்று போவோர் வருவோரிடம் கேட்பார். நான் இருந்தபோது ஒரு நாள் வாய்க்கால் மதகின் பலகை துருவேறி அசையவில்லை. இளைஞர்கள் நால்வர் போராடிக்கொண்டிருந்தார்கள். தடியை ஊன்றி வந்தவர், திருகில் கழிவு எண்ணெயை ஊற்றச் சொல்லி, முதலில் எதிர்ப்பக்கம் அரைச்சுற்று சுற்றச் சொன்னார். பலகை ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து அவரிடம் யோசனை கேட்க ஆள் வந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் நாள்தோறும் சவரம் செய்துகொண்டார்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: பிள்ளையார் கோயில் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய படிப்பகத்தைச் சீர்செய்து, இருபுறமும் அகலமான திண்ணை, கைப்பிடி வைத்த சாய்தளம், கழிப்பறை ஆகியவற்றை அமைப்போம். நாளிதழும் தேநீரும் போதாது. வாய்க்கால் முறைக் குறிப்பேடு, திருவிழாக் கணக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு என்று அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். பழைய திண்ணைகளில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. படிப்பகம் ஊராட்சிக்குச் சொந்தமான பொது இடம். தெற்குத் தெருப் பெரியவர்களும் முதல் நாளிலிருந்தே அங்கே சரிசமமாக உட்கார வேண்டும், பொறுப்பிலும் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கலாம். அன்று பெரியவர்களை அழைத்துவர இரண்டு ஆட்டோவின் வாடகையை நான் ஏற்கிறேன். அதற்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவரிடம், படிப்பகம் வரை நடக்க முடியுமா, வழியில் எது தடையாக இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். என் அம்மா சொன்னது, தண்ணீர்த் தொட்டி முனையில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடி.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து