மகளின் மத்துரிட்டா நடன விழா: காசு எறிய வேண்டுமாமே?

பிர்னோ அம்மா கேட்டது:
மகள் இங்கே செக் நாட்டின் பிர்னோ நகரில் கிம்னாசியத்தில் கடைசி வருஷம். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி அது. ஊரில் என் மாமியார், பேத்தி உடற்பயிற்சி படிக்கிறாள் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். மே மாதம் மத்துரிட்டா, அதாவது பள்ளி இறுதித் தேர்வு. வீட்டில் பேச்செல்லாம் பிப்ரவரியில் வரும் ப்ளெஸ் பற்றித்தான், அதாவது நடன விழா. எங்களுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாள். "சில்லறை சேர்த்து வைம்மா, எங்க மேல எறியணும்" என்கிறாள். நிஜமாகவா? பட்டுப்புடவை கட்டலாமா? அப்பா அவளோடு ஆட வேண்டுமாம். இவர் எங்கள் கல்யாண வரவேற்பிலேயே நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்.

ஓலொமோட்ஸ் அப்பா:
நிஜம்தான். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை மாட்டிவிடுவார்கள். அதற்கு ஷெர்பா என்று பெயர், மலையேறுகிறவர் இல்லை. அப்புறம் வகுப்பே ஒரு பெரிய துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வரும். நாம் காசைப் போட வேண்டும். வகுப்புச் செலவுக்கு அது. கிட்டே போய்த் துணியில் போடுங்கள். நான் மாடியிலிருந்து 50 கொருனா நாணயத்தை எறிந்தேன், நேராக என் மகன் நெற்றியில். அன்றைய படம் எல்லாவற்றிலும் புடைப்போடுதான் சிரிக்கிறான்.

இங்கேயே படித்தவள்:
அக்கா, புடவை தாராளமாகக் கட்டுங்கள். ஜீன்ஸ்தான் ஆகாது. எங்களுக்கெல்லாம் 16 வயதிலேயே தனெச்னீ என்று நடன வகுப்பு உண்டு. பையன்கள் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டு வந்து தலைகுனிந்து கூப்பிடுவார்கள். அதனால் உங்கள் மகளுக்கு வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனம் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு அவளே சொல்லித்தரட்டும். ஒன்று இரண்டு மூன்று, அவ்வளவுதான். வகுப்பு ஆசிரியை பேச வந்தால் "பனி ப்ரொஃபெசொர்கோ" என்று கூப்பிடுங்கள். கிம்னாசியத்தில் பாடம் நடத்துகிற எல்லாருமே பேராசிரியர்தான்! நள்ளிரவுக்கு முன் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வகுப்பு மாதக்கணக்கில் ரகசியமாகப் பழகிய ஆட்டமோ நாடகமோ அப்போதுதான் வரும்.

ஓலொமோட்ஸ் அப்பா:
தேர்வைப் பற்றி இப்போதே பயம் வேண்டாம். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் 'புனித வாரம்' என்று விடுமுறை தருவார்கள். பாதிப் பிள்ளைகள் அப்போதுதான் புத்தகத்தைத் தொடுகிறார்கள். செக் இலக்கியத்துக்கு மட்டும் முன்பே கேட்டு வையுங்கள். அவர்களே தேர்ந்தெடுத்த 20 நூல்கள், அதிலிருந்து ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அந்த நூலைப் பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். எந்த எண் வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிர்னோ அம்மா:
ரொம்ப நன்றி. இவர் சமையலறையில் ஒன்று இரண்டு மூன்று போட ஆரம்பித்துவிட்டார், நேற்று குக்கரை இடித்துக்கொண்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்குச் சில்லறை சேர்ந்திருக்கிறது. இருபதில் எத்தனை நூல் படித்தாய் என்று மகளிடம் கேட்டேன். ஷெர்பா என்ன நிறத்தில் இருக்கும் என்று சொல்கிறாள்.