சம்பளத்தில் 20 சதவீதம் கழிக்கிறார்கள்: சேமலாப நிதியத்துக்கு முதலாளி கட்டவேண்டியது எவ்வளவு?

கேள்வி:
வவுனியாவில் தனியார் விற்பனை நிலையமொன்றில் கணக்கெழுதும் வேலையில் கடந்த ஆண்டு சேர்ந்தேன். நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று இருக்கிறது. கைக்குக் கிடைப்பது 32,000 ரூபா. மீதி 8,000 ரூபாவும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது என்கிறார் முதலாளி. தகுதிகாண் காலமான முதல் ஆறு மாதங்களுக்கு எதுவும் கட்டப்படவில்லை. இது முறைதானா? என் பெயரில் பணம் சேர்கிறதா என்பதை எவ்வாறு அறியலாம்?

முதலாவது பதில்:
சகோதரி, இது முறையல்ல. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின்படி ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். உங்கள் சம்பளத்தில் 3,200 ரூபா மட்டுமே கழிக்கப்படலாம். 36,800 ரூபா கைக்கு வரவேண்டும். எஞ்சிய 4,800 ரூபாவை முதலாளி தம் பணத்திலிருந்து, உங்கள் சம்பளத்துக்கு மேலதிகமாகச் செலுத்தவேண்டும். அதை உங்களிடம் அறவிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமான 1,200 ரூபாவையும் அவரே கட்டவேண்டும். அந்த நிதியத்துக்கு ஊழியர் ஒரு சதமும் கொடுப்பதில்லை.

இரண்டாவது பதில்:
தகுதிகாண் காலத்துக்கு விலக்கு உண்டு என்று பல கடைகளில் சொல்லப்படுகிறது; அப்படியொரு விலக்கு கிடையாது. நிரந்தர ஊழியரானாலும், தற்காலிகமாகவோ துண்டுவேலைக்கோ அமர்த்தப்பட்டவரானாலும், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு செலுத்தப்படவேண்டும். அது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணிக்கப்படுவதுமில்லை. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், தரகுப் பணம், முதலாளி வழங்கும் உணவின் பெறுமதி ஆகியவையும் சேரும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. ஒரு மாதத்துக்குரிய தொகை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்படாவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் முதலாளி மீது விதிக்கப்படும். ஆகவே அந்த ஆறு மாதப் பணத்தையும் நீங்கள் கேட்கலாம், கேட்கவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறது.

மூன்றாவது பதில்:
அச்சம் நியாயமானது, ஆகையால் முதலில் ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதத்தின் பிரதி, சம்பளச் சீட்டுகள், சம்பளம் வங்கிக்கு வருவதாயின் அதன் கூற்று ஆகியவற்றை வீட்டில் வையுங்கள். நிதியத்தின் பணத்தை இலங்கை மத்திய வங்கியே பொறுப்பேற்று முதலீடு செய்கிறது; உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டு அங்கே பதிவுசெய்தால் கணக்கு மீதியைப் பார்க்கலாம். கழிக்கப்பட்ட 8,000 ரூபாவும் மாதந்தோறும் வரவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், ஏனெனில் சம்பளத்தில் கழித்துவிட்டு நிதியத்துக்கு அனுப்பாமலே விடுபவர்களும் இருக்கிறார்கள். அதன்பின் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்: பங்களிப்பைச் செலுத்தாத தொழில்தருநர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கே உண்டு. முன்பு வேறிடத்தில் வேலை செய்திருந்தால், அங்கே தனி அங்கத்துவ இலக்கம் இருந்திருக்கும். அந்தக் கணக்கையும் இதனுடன் இணைக்கும்படி அப்போதே கேட்டுவிடுங்கள்.