கூடைப்பந்து ரீபவுண்டில் (வளையத்துக்குள் விழாமல் எகிறும் பந்தைப் பிடிப்பதில்) கோட்டை விடுகிறோம், பயிற்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள், 15 வயதுக்குட்பட்ட பெண்கள், 10 பேர். 6ஆம் எண் பந்து மூன்று. வளையம் ஒன்றுதான், உயரம் சரியாக 3.05 மீட்டர். மழை பெய்தால் சிமெண்டுத் தரை வழுக்கும், அன்று பயிற்சி கிடையாது.

பந்து எறியப்பட்டதும் எல்லாரும் அண்ணாந்து பந்தையே பார்க்கிறார்கள், எதிராளி உள்ளே நழுவிவிடுகிறாள். சொல்லிக்கொடுத்த வரிசை இது: முதலில் ஆளைத் தேடு, முன்கையால் தொடு, காலை ஊன்றித் திரும்பு, இடுப்பைத் தாழ்த்தி அவளை முதுகில் வை, பிறகுதான் பந்து. பிடித்ததும் தாடைக்குக் கீழே, முழங்கையை விரித்து. இடுப்புக்கு இறக்கினால் குட்டைப் பெண்கூடத் தட்டிப் பறிப்பாள்.

பந்து இருக்கும் பக்கத்தில் இது நடக்கிறது. எதிர்ப்பக்கத்தில்தான் ஓட்டை. மூலையிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் மறுபக்கம்தான் விழும். அங்கே காவல் நிற்பவளோ உதவிக்கு நடுவே வந்திருப்பாள், தன் ஆளைவிட்டு மூன்று நான்கு மீட்டர் தள்ளி. ஓடிப்போய்த் தொடச் சொல்வதா, பாதையை மட்டும் மறிக்கச் சொல்வதா? ஓடினால் மோதி ஃபவுல் ஆகிறது. சிலர் வளையத்துக்கு அடியிலேயே போய் நிற்பதால் பந்து தலைக்கு மேல் தாண்டிவிடுகிறது.

மூன்றுக்கு மூன்று ஆட்டம், பந்து தரையில் ஒருமுறை குதிக்கும்வரை ஆளை மறிக்கும் பயிற்சி, எல்லாம் போட்டாச்சு. ஒரே வளையத்தில் பாதிப் பேர் சும்மா நிற்காமல் எதிர்ப்பக்கக் காவலைப் பழக்குவது எப்படி? சிமெண்டில் நாளுக்கு எத்தனை குதிப்போடு நிறுத்தலாம்? இரண்டு பேருக்கு முட்டி வலி.

ரீபவுண்டுக்குப் பேர்போன அமெரிக்க வீரர் டென்னிஸ் ரோட்மன் காணொளி மட்டும் அனுப்பாதீர்கள், அவர் 2.01 மீட்டர்!