புதுப்பிப்பு: மினிவேன் பின்கண்ணாடி மாற்றும் முன்

கண்ணாடி ஒட்டி ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும். நேரம் பசைக்குப் பசை மாறும், டியூப் மேலேயே போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எடுங்கள்.

அதைவிட முக்கியம், பழைய பசையை இரும்பு தெரியச் சுரண்டக் கூடாது. 1-2 மி.மீ. விட்டு, அதன் மேல்தான் புதுப் பசை இழுக்க வேண்டும். கத்தி பட்டுப் பெயின்ட் போன இடத்தில் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே துரு ஏறும்; பிறகு மழைத்தண்ணீர் அதன் வழியே வரும். மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

கண்ணாடி வாங்கும்போதே டீபாகர் கோடு (பனிமூட்டத்தைப் போக்கச் சூடாகும் கம்பிக் கோடு), வைப்பர் துளை, பிரேக் லைட் இடம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது), பிறகு துளை போட முடியாது. உடைந்த கண்ணாடித் தூள் டிக்கிக் கதவுக்குள் இறங்கி லாக்கில் மாட்டும்; உள்பேனலைக் கழற்றி வேக்குவம் கிளீனர் போடச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கக் கதவை அறைந்தால் உள்காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். பிரஷர் வாஷ் இரண்டு நாளைக்கு வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) கிளெய்மில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50% பிடிப்பார்கள். ஆனால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும்; பில் தொகையோடு ஒப்பிட்டுவிட்டுக் கிளெய்ம் போடுங்கள்.