லெகோ ஆட்கள் ஏன் இப்படி முறைக்கிறார்கள்?

சின்னவன்_அம்மா (கேள்வி)

பையனுக்கு ஆறு வயது. என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் கட்டைகளை மாட்டிக் கட்டி விளையாடும் லெகோ செட் ஒன்று வாங்கி வருவார், அதில் குட்டி ஆட்களும் இருப்பார்கள். போன வாரம் இருக்கிற ஆட்களை எல்லாம் ஜன்னல் திண்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். மாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஒருத்தன் முகத்திலயும் சிரிப்பு இல்ல, எல்லாம் வட்டிக்காரன் மாதிரி முறைக்குது" என்றார். உற்றுப் பார்த்தால் நிஜம்தான். நாங்கள் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பார்த்த லெகோ ஆட்கள் எல்லோரும் சிரித்த முகம். இப்போது எதற்கு இவ்வளவு கோபம்? இதைப் பார்த்தே விளையாடினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

கார்த்தி_சேலம்

நிஞ்சா வீரர்கள் வரும் நிஞ்சாகோ செட்டா? சண்டைக்குப் போகிறவன் முறைக்காமல் என்ன செய்வான்! ஊர் வாழ்க்கையைக் காட்டும் சிட்டி செட் வாங்கிக் கொடுங்கள். அதில் வீடு பற்றி எரியும்போதும் தீயணைப்பு வீரர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

பொம்மை_வாடகை

உங்கள் மாமியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் வீட்டிலிருந்தே பொம்மைகளை வாடகைக்குக் கொடுக்கிறேன். திரும்பி வரும் லெகோவைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிரிக்கும்போது தலைகள் மட்டும் தனி டப்பாவுக்குப் போகும். அந்த டப்பாவைத் திறந்தால் பாதிப் பேர் என்னை முறைப்பார்கள். பழகிவிட்டது.

1978இல் இந்தக் குட்டி ஆட்கள் வந்தபோது போலீஸ்காரரோ விண்வெளி வீரரோ, எல்லோருக்கும் ஒரே முகம்தான். இரண்டு கறுப்புப் புள்ளி, கீழே ஒரு வளைந்த கோடு. 1989இல் கடற்கொள்ளையர் செட்டுகள் வந்தன. அப்போதுதான் ஒற்றைக்கண் மறைப்பு, மீசை, தாடி எல்லாம் முகத்தில் ஏறின. கொள்ளையனும் அவனைத் துரத்தும் சிப்பாயும் ஒரே மாதிரி சிரித்தால் கதை எப்படி நடக்கும்? 1999இல் ஸ்டார் வார்ஸ் சினிமா செட்டுகளும் சேர்ந்துகொண்டன. வில்லன்கள் வந்த பிறகு முகங்களும் மாறித்தானே ஆக வேண்டும்.

இதை ஒருவர் உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டார். நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் பார்ட்னெக் என்பவர். 2010 வரை வந்த 3,655 ஆட்களை எடுத்துக்கொண்டார். அவற்றில் வேறு வேறு தலைகள் மட்டும் 628. மகிழ்ச்சியும் கோபமும்தான் அதிகம், ஆனால் மகிழ்ச்சியின் பங்கு போகப்போகக் குறைகிறது என்று 2013இல் எழுதினார். உடனே பத்திரிகைகள் 'குழந்தைகளுக்கு ஆபத்து' என்கிற மாதிரி தலைப்புப் போட்டன. அவர் ஆராய்ந்தது பொம்மைகளின் முகத்தை. குழந்தைகளை வைத்து எதையும் சோதிக்கவில்லை. அதனால் அந்தக் கட்டுரையைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். முறைக்கிற ஒருவனை எடுத்து, புருவத்தை மட்டும் விரல் நுனியால் மறையுங்கள். கோபம் பெரும்பாலும் போய்விடும். வாய் வெறும் கோடுதான். ஏதோ யோசிக்கிறவன் மாதிரி இருப்பான். புருவத்தின் உள்முனை மூக்குப் பக்கம் இறங்கினால் கோபம், அதே முனை மேலே ஏறினால் கவலை, ஒரு புருவம் மட்டும் தூக்கியிருந்தால் குறும்பு. அரிசி நீளம்கூட இல்லாத இரண்டு கோடுகள் செய்கிற வேலை இது. உள்ளூர் டூப்ளிகேட்டில் இதுதான் சொதப்பும். அச்சு லேசாக நகர்ந்தாலே வீரன் அழுமூஞ்சி ஆகிவிடுவான்.

அப்புறம், முடியைக் கழற்றித் தலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? பின்பக்கம் இன்னொரு முகம் இருக்கலாம், பல சமயம் அது சிரிக்கும். 2001இல் ஹாரி பாட்டர் செட்டில் வந்த ஆசிரியர் குவிரல்தான் முதல் இரட்டை முகக்காரர். அந்தக் கதையில் அவர் தலைப்பாகைக்கு அடியில் நிஜமாகவே வில்லன் வோல்டமோர்ட்டின் முகம் இருக்கும், அதற்காகச் செய்தது. பிறகு அதையே பயம்-சிரிப்பு, கோபம்-சிரிப்பு என்று மற்றவர்களுக்கும் போட ஆரம்பித்தார்கள்.

சிரிப்புதான் வேண்டும் என்றால் ஜெர்மனியின் பிளேமொபில் பொம்மைகள் இருக்கின்றன. ஹான்ஸ் பெக் 1974இல் குழந்தைகள் வரைகிற முகத்தைப் பார்த்துச் செய்தது: மூக்கு கிடையாது, இரண்டு கண், ஒரு சிரிப்பு. வாளோடு வருகிற ரோமானியனும் சிரிப்பான். எனக்கு அது கொஞ்சம் அலுப்பு. என்னிடம் வரும் பிள்ளைகள் தலையை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுவதைப் பார்த்தவள் என்பதால் என் ஓட்டு லெகோவுக்கே.

வகுப்பறை_ஓரம்

சிறப்புக் கல்வி ஆசிரியை நான். மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "இது என்ன முகம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சந்தோஷம் சீக்கிரம் பிடிபடும், பயத்தையும் ஆச்சரியத்தையும் பிரித்துச் சொல்ல நாளாகும். கதை சொல்லும்போது அது தானாக வரும்.

சின்னவன்_அம்மா

திருப்பிப் பார்த்தேன்! நாலு பேர் சிரிக்கிறார்கள். மொட்டைத் தலையன் ஒருவனுக்கு மட்டும் பின்னால் ஒன்றுமே இல்லை. டூப்ளிகேட்டா?

பொம்மை_வாடகை

இல்லை, ஒரிஜினலாகவே இருக்கலாம். இரண்டாவது முகத்தை மறைக்க முடியோ தொப்பியோ வேண்டும், மொட்டைக்கு எங்கே மறைப்பது? வேறு செட்டிலிருந்து ஒரு முடி மாட்டிவிட்டு, பையனிடம் பெயர் வைக்கச் சொல்லுங்கள். முகம் அழுக்கானால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். நெயில்பாலிஷ் ரிமூவரைத் தொட்டீர்களோ, புருவத்தோடு பிளாஸ்டிக்கும் போய்விடும்.