சாண்டா குரூஸ் கடலில் வெள்ளைச் சுறா: அனுபவமுள்ளோரின் ஆலோசனை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். என் மகள் அடுத்த மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சாண்டா குரூஸ் அருகே அலைச்சறுக்குப் பழகத் தொடங்குகிறாள். பொடேகா விரிகுடா, ஃபாரலான் தீவுகள், பிக் சர் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட அந்தக் கடலைச் 'சிவப்பு முக்கோணம்' என்பார்கள். சீல்களை (கடல்நாய்களை) தேடிப் பெரிய வெள்ளைச் சுறாக்கள் இலையுதிர் காலத்தில் அங்கே வருவதையும், 2014-க்குப் பின் நீர் சூடேறியதால் சாண்டா குரூஸை அடுத்த ஆப்டாஸ் கரையோரம் இளஞ்சுறாக்கள் பெருகியதையும் அறிவேன். மீன் தின்னும் அந்த இளஞ்சுறாக்கள் மனிதரைக் கடிப்பது மிக அரிது என்று படித்தாலும், கடந்த ஞாயிறு கரையில் ஒதுங்கிக் கிடந்த சீலின் விலாவில் பிறை வடிவக் கடிக்காயத்தைக் கண்டதிலிருந்து மனம் அமைதியாக இல்லை (மகளிடம் இன்னும் சொல்லவில்லை).

அங்கே வழக்கமாக நீரில் இறங்குவோர், எந்த மாதங்களைத் தவிர்க்கிறீர்கள், செத்த சீல் ஒதுங்கினால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள், குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையை உடன் எடுத்துச் செல்கிறீர்களா என்பவற்றைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.