மறு: போலரைசிங் ஃபில்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> முனைவாக்க வடிப்பான் என்றே வைத்துக்கொள்வோம். அகராதியிலேயே இருக்கிறது.

ஐயா, மன்னிக்கவும், லென்ஸின் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டருக்கு இந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ நடத்துகிறேன். வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். கடையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். மலையாளத்தில் போலரைசேஷனைத் துருவீகரணம் என்கிறார்கள், தெலுங்கில் துருவணம். எங்கள் ஊரில் துருவீகரணம் என்று சொன்னால் ஒளி யாருக்கும் நினைவு வராது, தேர்தல் நேரத்தில் மக்கள் அணிபிரியும் செய்திதான் வரும்.

அதைவிட முக்கியம், ஒளிக்கு முனையே கிடையாது. 1808இல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்து இந்த விளைவைக் கண்டார். ஒளியைத் துகளாக நினைத்தவர் அவர். காந்தத்துக்கு இருப்பதுபோல அந்தத் துகளுக்கும் முனைகள் உண்டு என்ற எண்ணத்தில்தான் ‘போலரைசேஷன்’ என்று பெயர் வைத்தார். 1821இல் ஃபிரெனல் என்ற இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளர் ஒளியைக் குறுக்கலை, அதாவது செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை, என்று விளக்கினார். கருத்து மாறியும் பெயர் நின்றுவிட்டது. கைவிட்ட கருத்தைத் தமிழுக்குள் நாம் புதிதாகக் கொண்டுவர வேண்டாமே. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘தளவிளைவு’ என்கிறது. அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதுதானே இங்கே விஷயம்? அதனால் ‘தளவடிப்பான்’ என்று முன்வைக்கிறேன்.

> செய்கிற வேலையை வைத்துக் ‘கூச்சநீக்கி’ எனலாமே?

கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பை நீக்குவது என்ற பொருளில் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவார். சன்னலோரம் ஒருவரை உட்கார வைத்து லென்ஸில் இதை மாட்டித் திருப்பினால் நெற்றியின் எண்ணெய் மினுமினுப்பு குறையும். கழுத்துச் சங்கிலியின் பளபளப்பு அப்படியே நிற்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த அளவுக்குத் தளவிளைவு அடைவதில்லை. மூக்குக்கண்ணாடியிலும் கோணம் வாய்க்க வேண்டும். கண்ணாடிக்குச் செங்குத்திலிருந்து 56 பாகை அருகே. நேருக்கு நேர் விளக்கு விழுந்தால் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) போவதுதான் மிச்சம். அறைக்குள் அது பெரிய நட்டம்.

போன ஆடியில் ஓர் அம்மா, இறந்துபோன தம் வீட்டுக்காரரின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. “பிரிச்சீங்கன்னா மொகம் போயிரும் தம்பி, அப்படியே எடுங்க” என்றார். ஒட்டிய இடம் ஒரு மாதிரி, ஒட்டாமல் நெளிந்த இடம் வேறு மாதிரி. விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதோ ஒரு மூலை வெளுத்தது. கடைசியில் இரண்டு விளக்குகளுக்கும் முன்னால் இதே வேலை செய்யும் போலராய்டு தாளை ஒரே திசையில் கட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினேன். வெளுப்பு மொத்தமும் அணைந்து அவர் முகம் தெரிந்தது. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதே அமைப்பில் அவர் மகளையும் உட்கார வைத்து எடுத்தேன். தோலின் மேற்பரப்பில் பட்டு உடனே திரும்பும் ஒளி வந்த தளத்திலேயே இருக்கும், அதனால் அது தடுக்கப்பட்டுவிடும். தோலுக்குள் புகுந்து சிதறி வரும் ஒளி தளத்தை இழந்துவிடும், அது மட்டும் லென்ஸுக்குள் வரும். நெற்றி மினுக்கு போனது. கூடவே கண்மணியில் விழும் வெளிச்சப் புள்ளியும் போனது, முகத்தில் உயிரே இல்லை. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் வந்த தளத்திலேயே இருப்பதால் தாலிக்கொடி கறுத்துத் தெரிந்தது. உயிருள்ள முகத்துக்கு இந்த அமைப்பை முழுதாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் புள்ளியை மீட்டுக்கொள்ள வேண்டும். கடைப் பையனுக்குக் ‘குறுக்குத்தளம்’ என்று சொன்னதும் விளங்கிவிட்டது. கூச்சநீக்கி என்று தொடங்கியிருந்தால், உலோகப் பளபளப்பு ஒரு முறை போகாமலிருப்பதும் இன்னொரு முறை போவதும் ஏன் என்று சொல்ல வழியிருந்திருக்காது.

இந்த ஃபில்டரில் லீனியர், சர்க்குலர் என இரண்டு வகை உண்டு. எனக்கு இன்னும் தீராதது ‘சர்க்குலர்’ வகை. வட்டத் தளவடிப்பான் என்றால் வடிவத்தைச் சொல்வதாக நினைப்பார்கள், ஃபில்டர் எல்லாமே வட்டம்தானே. சுழல் என்றாலும் குழப்பம், இரண்டு வகையும் வளையத்தில் சுழல்பவைதான். உண்மையான வேறுபாடு பின்பக்கத்துக் கால் அலைத் தகடு, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சுழன்று அதிரும் ஒளியாக மாற்றும் தகடு. எஸ்.எல்.ஆர். கேமராவின் பாதி ஊடுருவும் கண்ணாடி, ஒளி அளவியையும் ஃபோகஸையும் பிழைபடுத்தாமல் இருக்க அது வேண்டும். ஆகவே ‘கால் அலைத் தளவடிப்பான்’ என்று யோசிக்கிறேன். நீளம்தான். கடையில் ‘கால் அலை’ என்று சுருக்கிக் கேட்டாலும் பொருள் கெடாது. இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஸ்டுடியோ விலைப்பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.